நுனி ஒட்டிய இரட்டைக் காய்

பெஹாலா, கல்கத்தா
ஞாயிற்றுக்கிழமை காலை

சிரஞ்சீவி சௌபாக்யவதி சாதனாவுக்கு அப்பா அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. உபயக்ஷேமம் என்று தொடங்கத்தான் பேனாவைத் திறந்தேன். உபயம் என்றால் இரண்டு பக்கமும். உன் பக்கத்தில் நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, குழந்தையைத் தூக்கினால் அழுகிறாய் என்று மாப்பிள்ளை கிரிதர் தனியாக எழுதியிருக்கிறார். என் பக்கத்தில் க்ஷேமமாக இருப்பது ரத்த அழுத்தம் ஒன்றுதான், அது மட்டும் டாக்டர் சொன்னபடி கேட்கிறது. ஆகவே அந்த வார்த்தையை விட்டுவிட்டேன், குறையாக நினைக்காதே. அக்ஷராவின் போட்டோ வந்து சேர்ந்தது. மூன்று மாதக் குழந்தைக்கு இத்தனை முடியா? கீழ் வீட்டுக் கல்பனா பௌதியிடம் காட்டினேன், அவள் போட்டோவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மூக்கு அப்படியே திதியோட மூக்கு என்றாள், உன் அம்மாவை அவள் திதி, அக்கா, என்றுதானே கூப்பிடுவாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

இங்கே பத்து நாளாக விடாத மழை. நம் சந்தில் முழங்கால் தண்ணீர், ரிக்ஷாக்காரன் கூட வரமாட்டேன் என்கிறான். சமையல் நானேதான். சாதம் ஒன்று கூழாகிறது, இல்லாவிட்டால் அரிசியாகவே நிற்கிறது, நடுவில் ஒரு பதம் உண்டென்று உன் அம்மாவுக்குத்தான் தெரியும். உனக்காக அவள் கிளறிய பிரசவ லேகியம் மேல்தட்டில் எவர்சில்வர் டப்பாவில் அப்படியே இருக்கிறது, தூக்கிப் போடக் கை வரவில்லை. போன வாரம் மாசிகத்துக்கு வந்த சாஸ்திரிகள், பெண்டாட்டிக்குத் தன் கையாலேயே மருந்து காய்ச்சிக் கொடுத்துப் பார்த்துக்கொண்ட புண்ணியவான் நீர் என்று என்னைச் சொன்னார். பௌதியும் தெருவெல்லாம் அதையே சொல்லி வைத்திருக்கிறாள், இப்படி ஒரு புருஷனைப் பார்த்ததே இல்லையாம். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எழுந்து எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருக்கிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் ஜூலை மாதக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. நீ எழுதினதையே திருப்பிச் சொல்கிறேன். அம்மா உடம்பு எப்படி இருக்கு என்று கேட்காமல் டிக்கெட் என்னாச்சு, டிக்கெட் என்னாச்சு என்றே ஒவ்வொரு போனிலும் கேட்டேன், ஏப்ரல் பதினெட்டாம் தேதி விமானத்துக்குள் சரியாகிவிடணும் என்று அதட்டினேன், அதனால்தான் அவள் வியாதியை மறைத்தாள், நான்தான் அம்மாவைக் கொன்றேன் என்று எழுதியிருக்கிறாய். முதல் பிரசவம், அந்நிய தேசம், ஜன்னலுக்கு வெளியே பனி, அம்மா வருவாளா என்று எந்தப் பெண்தான் கேட்கமாட்டாள்? அதற்கெல்லாம் யாரும் செத்துப்போவதில்லை. நீ கொல்லவில்லை. இதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை அம்மா, சமாதானம் சொல்லும் யோக்யதை எனக்கில்லை. உன் அம்மா ஏன் போனாள் என்று எனக்குத் தெரியும். பதினெட்டு நாளாகத் தெரியும். தெரிந்துகொண்டும் உன் கடிதத்தை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, நீ அங்கே உன்னையே அடித்துக்கொண்டிருக்க, நான் இங்கே வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். என்ன மனுஷன் நான்.

விஷயம் ஒரு மரத்தில் இருக்கிறது. மரம், பூ, காய் என்று நான் ஆரம்பித்தாலே உனக்கு வேப்பங்காய், தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி முன்னால் போய்விடுவாய். இன்றைக்கு மட்டும் எழுந்து போகாதே. கீறினால் பால் வடியும் காட்டு மரங்களில் நெருங்கிய உறவாக மூன்று உண்டு. மூன்றுக்கும் இலை எதிரெதிராக, ஏறக்குறைய ஒரே ஜாடை. பூவும் இல்லாமல் காயும் இல்லாமல் நிற்கும்போது எப்பேர்ப்பட்டவனும் திணறுவான். காய் வந்துவிட்டால் சந்தேகமே கிடையாது. மூன்றிலும் காய் இரட்டையாகத்தான் பிடிக்கும், முருங்கைக்காயைவிட ஒல்லியாக நீளமாகத் தொங்கும். ஒன்றில் அந்த இரண்டும் காம்பிலேயே பிரிந்து கடைசிவரை தனித்தனியாகத் தொங்கும், அது குடசப்பாலை, இங்கே குர்ச்சி என்பார்கள். இன்னொன்றில் காம்பில் பிரிந்து, நடுவில் இடைவெளி விட்டு, நுனியில் மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கும், அது வெட்பாலை. மூன்றாவதில் இரண்டும் முழு நீளத்துக்கும் ஒட்டி ஒரே காயாகி நடுவில் ஒரு கோடு மட்டும் தெரியும், அதற்கு இங்கே வேலை இல்லை. குர்ச்சிப் பட்டை எட்டிக்காயாய்க் கசக்கும், சீதபேதிக்கு இந்த ஊரில் காலகாலமாகக் கொடுப்பது. வெட்பாலைக்கு அந்தக் கசப்பும் கிடையாது, அந்த வேலையும் செய்யாது. ஆனால் பெயரில்தான் வம்பு. நம் அம்பாசமுத்திரம் பக்கத்தில் இரண்டையும் வெட்பாலை என்றே சொல்லிவிடுவார்கள். இங்கே மருந்துக் கடையில் இரண்டின் விதையும் இந்திரஜவ். அதனால்தான் செடிகொடி ஆராய்ச்சி ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷமும், காயைப் பார்க்காமல் பெயர் சொல்லாதே என்று மேலே கீழே எல்லோரிடமும் கத்திக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் எனக்கு ஃபொல் பாபு, பழக்கார ஐயா, என்றே பெயர்.

அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு தடவை காய் பார்க்காமல் பெயர் எழுதினேன். எண்பத்தேழாம் வருஷம். ஜோக்கா தாண்டி எங்கள் ஆபீஸின் சோதனைத் தோட்டம் இருக்கிறதே, நீ கூட ஒரு தடவை பிக்னிக் வந்து எறும்புப் புற்றின் மேல் உட்கார்ந்து அழுதாயே, அங்கே பாங்குராவிலிருந்து ஒரு கூடைக் கன்று வந்தது, இந்திரஜவ் என்று சீட்டுக் கட்டி. திங்கட்கிழமை டெல்லியிலிருந்து பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார், ஒரு செடிகூடப் பெயர்ப்பலகை இல்லாமல் நிற்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. காய்க்கட்டும், அதற்கு முன் எழுத மாட்டேன் என்று சொன்னேன். ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லவில்லை, அந்த வருஷம் பிரமோஷன் லிஸ்டில் என் பெயர் இருந்தது. எல்லாவற்றுக்கும் குர்ச்சி என்று நானே வெள்ளைப் பெயிண்டில் எழுதி நட்டேன். கன்றுகளில் பிழைத்தது ஒன்றுதான். மேலே மின்கம்பி போனதால் அதை வருஷா வருஷம் மொட்டையடித்துவிடுவார்கள், அது பூத்ததுமில்லை, காய்த்ததுமில்லை. மரம் பெருத்ததும் பலகையை அடிமரத்திலேயே ஆணியடித்தார்கள். பன்னிரண்டு வருஷம் ஒரு பலகையைப் பார்த்துக்கொண்டே நடந்தால் அது எழுதினவனுக்கே வேதவாக்கு ஆகிவிடுகிறது.

பிப்ரவரி கடைசியில் உன் அம்மாவுக்குச் சீதமும் ரத்தமுமாகப் போக ஆரம்பித்தது. டாக்டர் கொடுத்த மாத்திரை குடலைப் புரட்டி, வாயெல்லாம் தகரத்தை நக்கினாற்போல் ஆக்கியது. நாலாம் நாள் நிறுத்திவிட்டாள். எங்கம்மா வெட்பாலைப் பட்டையை இடிச்சுப் போட்டு ஒரு கஷாயம் வைப்பா, மூணே நாள்ல நின்னுடும், அதைக் கொண்டு வாங்கோ என்றாள். நான் சிரித்தேன். அசடே, உங்கம்மா போட்டது வெட்பாலை இல்லை, குடசப்பாலை, உங்க ஊர்ல பேர் தெரியாம சொல்றா, வெட்பாலை சொறி சிரங்குக்குத்தான் ஆகும் என்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஏதோ ஒண்ணு, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், கொண்டு வாங்கோ என்றாள். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். முப்பத்து நாலு வருஷம் இதைத்தான் சொன்னாள். காளிகாட் கடையிலேயே பட்டை கிடைக்கும், ஆனால் கடைக்காரன் எதையாவது கலந்துவிடுவான் என்று எனக்கு ஒரு மிதப்பு. டிராம் ஏறி ஜோக்கா போனேன். மரம் இலை உதிர்ந்து குச்சியாக நின்றது. தேர்ந்தவன் பட்டையை முகர்ந்து பார்த்திருப்பான், ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்திருப்பான். நான் மரத்தைப் பார்க்கவே இல்லை, பலகையைப் பார்த்தேன். என் கையெழுத்து. உரித்துக்கொண்டு வந்தேன்.

இருபத்தொரு நாள் கொடுத்தேன். முதல் நாள் அவள் கசப்புக்குப் பயந்து கையில் ஒரு சிட்டிகைச் சர்க்கரையோடு உட்கார்ந்திருந்தாள் பாவம். குடித்துவிட்டு, ஏன்னா, கசக்கவே இல்லையே, பனங்கல்கண்டு ஏதாவது போட்டேளா என்று கேட்டாள். மண்டையில் மூளை என்று ஒன்று இருந்தால் அந்த நிமிஷம் உறைத்திருக்க வேண்டும். குர்ச்சி கசக்காமல் இருக்குமா? நான் என்ன சொன்னேன் தெரியுமா, மாத்திரை சாப்பிட்டு உனக்கு நாக்கு செத்துப் போச்சுடி, அதான் தெரியலை என்றேன். சொல்லிவிட்டு தம்ளரைக் கழுவி வைத்தேன். ஒரு சொட்டு என் நாக்கில் விட்டுப் பார்க்கவில்லை. நடுவில் நாலைந்து நாள் குறைந்தாற்போல் இருந்தது, அந்த வியாதி அப்படித்தான் விளையாட்டுக் காட்டுமாம், நான் மருந்து வேலை செய்கிறது என்று பௌதியிடம் பெருமையடித்துக்கொண்டேன். அப்புறம் வலது தோள்பட்டை வலிக்கிறது என்றாள். உனக்கு லேகியம் கிளறின கை, அதனால் வலிக்கிறது என்று தைலம் தேய்த்துவிட்டேன். சாயங்காலமானால் உடம்பு சுட்டது, வெயில் என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பெயர் தயாராக இருந்தது. போனில் உன்னிடம் நன்னாயிருக்கேன் என்று அவள் சொன்னது உன் அதட்டலுக்குப் பயந்து அல்ல சாதனா. நன்றாகத்தான் இருக்கிறாய் என்று நான் அவளை நம்பவைத்திருந்தேன். ஏப்ரல் நாலாம் தேதி டாக்ஸியில் போட்டுக்கொண்டு பாலிகஞ்சில் ஒரு நர்ஸிங் ஹோமுக்குப் போனபோது, ஈரலில் கட்டின சீழ் உடைந்துவிட்டது என்றார்கள். பதினைந்து நாள் முன்னால் வந்திருந்தால் ஊசி போட்டே எடுத்திருக்கலாம் என்று சின்ன டாக்டர் சொல்லிவிட்டார், பெரிய டாக்டர் அவரைக் கண்ணால் அடக்கினார். ஆறாம் தேதி காலை போய்விட்டாள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, திடீரென்று முற்றிவிட்டது என்று உனக்குப் போனில் சொன்னேன். அன்றைக்கு எனக்கும் அதற்கு மேல் தெரியாது.

ஆகஸ்ட் நாலாம் தேதி, பென்ஷன் காகிதத்தில் உன் அம்மாவின் பெயரை எடுக்க வேண்டும் என்று ஆபீஸில் கூப்பிட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு, மழை கொஞ்சம் விட்டிருந்ததால் தோட்டத்துப் பக்கம் நடந்தேன். மின்கம்பியைப் போன வருஷமே வேறு பக்கம் மாற்றிவிட்டார்களாம், அதனால் மரத்தை யாரும் மொட்டையடிக்கவில்லை, நன்றாகத் தழைத்து நின்றது. அண்ணாந்து பார்த்தால் இலைக்கு நடுவில் பச்சையாக, பென்சிலைவிட ஒல்லியாக, ஜோடி ஜோடியாகக் காய். ஒவ்வொரு ஜோடியும் காம்பில் பிரிந்து நுனியில் ஒட்டியிருந்தது. ஒன்றைப் பார்த்தேன், இன்னொன்றைப் பார்த்தேன், ஒன்றாவது பிரிந்திருக்காதா என்று குடையை மடக்கிவிட்டுக் கிளை கிளையாகத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. அவள் வெட்பாலை கேட்டாள், வெட்பாலை என்று சொல்லாதே என்று அவளைத் திட்டிவிட்டு வெட்பாலையையே கொடுத்திருக்கிறேன். சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கைகொடுத்துத் தூக்கிவிட்ட காவல்காரர், பாபு, இந்த மரத்துப் பட்டை வயிற்றுக்கு ரொம்ப நல்லது, குவார்ட்டர்ஸில் எல்லோரும் உரிக்கிறோம், நீங்கள் எழுதின பலகைதானே என்றார். அடிமரத்தைப் பார்த்தேன், நான் உரித்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னும் நாலைந்து காயம். இனிமேல் தொடாதே, இது அது இல்லை என்று அவரிடம் கத்திவிட்டு நேரே அனந்தகிருஷ்ணனிடம் போனேன், என் நாற்காலியில் இப்போது இருக்கும் தமிழ்க்காரர். பலகையை மாத்தணும்னா ஒரு அப்ளிகேஷன் குடுங்கோ சார், கமிட்டி பார்க்கட்டும், ரிடையர் ஆனப்புறம் எதுக்கு இந்த அலட்டல் என்று டீ வரவழைத்தார். நல்ல மனிதர்தான், நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். டீயைக் குடிக்காமல் திரும்பிப் போய், குடைக்கம்பியால் ஆணியை நெம்பிப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். டிராமில் மடியில் வைத்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர், எழுத்து முத்து முத்தாக இருக்கிறதே, யார் எழுதினது என்று கேட்டார். தெரியாது என்றேன்.

மறுநாள் காளிகாட் போய் நிஜக் குர்ச்சிப் பட்டையை வாங்கிவந்து, அவளுக்குக் காய்ச்சின அதே பாத்திரத்தில் கஷாயம் போட்டுக் குடித்தேன். அப்பப்பா, என்ன கசப்பு. இரண்டு நாளைக்குச் சாதம், தண்ணீர், எச்சில் எல்லாம் கசந்தது. மூன்றாம் நாள், டப்பாவில் மிச்சமிருந்த பழைய பட்டையையும் போட்டுக் குடித்தேன். ஒன்றுமே இல்லை, வைக்கோல் ஊறின தண்ணீர். அவளுக்கு நாக்கு செத்துப்போகவில்லை சாதனா. கடைசிவரை உயிரோடுதான் இருந்தது. நிஜக் குர்ச்சியே கொடுத்திருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று சொல்ல முடியாது, மாத்திரையைத்தான் விடாமல் கொடுத்திருக்க வேண்டும் என்று நம் டாக்டர் சொல்கிறார். இருக்கட்டும். கசக்கவில்லை என்று அவள் சொன்ன அன்றைக்கே நான் விழித்துக்கொண்டிருந்தால், அவளை இழுத்துக்கொண்டு அவரிடமே ஓடியிருப்பேனே. ஒரு மாதம் கையில் இருந்தது. அந்த ஒரு மாதத்தை நான் தின்றுவிட்டேன். இந்த வீட்டில் இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் சர்க்கரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சாமி விளக்கை நான் ஏற்றுவதில்லை, பௌதிதான் வந்து ஏற்றிவிட்டுப் போகிறாள், துக்கத்தில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. உலர்த்தின கிளையை ஒட்டி வைக்கும் தாளில் எழுதின பெயர் தப்பு என்று பின்னால் தெரியவந்தால், பழைய பெயரை அடிக்கவோ கிழிக்கவோ கூடாது. அதற்குக் கீழே ஒரு சின்னச் சீட்டில் சரியான பெயர், திருத்தினவன் பெயர், தேதி எழுதி ஒட்ட வேண்டும். தப்பு செய்தவனும் அந்தத் தாளிலேயே இருப்பான், திருத்தினவனும் இருப்பான். இதில் இரண்டு பேரும் நான்தான். உன் அம்மா போனதற்குக் காரணம் என்று நீ உன் பெயரை எழுதி வைத்துக்கொண்டிருக்கிறாய். அது தப்பு. அதற்குக் கீழே ஒட்டிக்கொள்ளத்தான் இதை அனுப்புகிறேன். காகிதத்துக்கு நடுவில் அந்த மரத்தின் பிஞ்சு ஒரு ஜோடி வைத்திருக்கிறேன். காய், விதை எதையும் தபாலில் அனுப்பக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான், அதையும் மீறியாகிவிட்டது. ஒன்று தெரிந்துகொள். இது பச்சையாக இருக்கும்வரைதான் நுனி ஒட்டியிருக்கும். உலர்ந்தால் விட்டுவிடும். கனடா வந்து சேர்வதற்குள் இரண்டும் பிரிந்து, அசல் குர்ச்சிக்காய் போலவே ஆகியிருக்கலாம். அப்பா துக்கத்தில் தன்மேல் பழி போட்டுக்கொள்கிறார் என்று மாப்பிள்ளையும் உனக்குச் சமாதானம் சொல்வார். நம்பாதே. ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன்.

பதில் எழுது என்று கேட்கவில்லை. இனி போனில் என் குரலைக் கேட்டதும் நீ வைத்துவிட்டாலும் நியாயம்தான், எனக்கு இருப்பது நீ ஒருத்திதான் என்று சொல்லி உன்னைக் கட்டிப்போடவும் மாட்டேன். நீ வேளைக்குச் சாப்பிடு. குழந்தையை அழாமல் தூக்கு, அதன் முகத்தைப் பார்க்க உனக்கு எந்தத் தடையும் இல்லை. உனக்கும் மாப்பிள்ளைக்கும் அக்ஷராவுக்கும் தீர்க்காயுசு. என் ஆசீர்வாதத்துக்கு இப்போது என்ன பலம் என்று எனக்கே தெரியவில்லை, உன் அம்மாவுடையதைச் சேர்த்து எடுத்துக்கொள். ஒன்றை மட்டும் மறக்காதே. குழந்தைக்கு உடம்புக்கு வந்தால் டாக்டர் சொன்ன கடைசி நாள்வரை மருந்தை நிறுத்தாதே. அவள் பெரியவளாகிப் பேச ஆரம்பித்து, என்றைக்காவது இது கசக்கவில்லையே என்று சொன்னால், அவள் நாக்கை நம்பு.

அப்பா என்று கையெழுத்துப் போடும் இடம் இது. சீட்டில் உறவுமுறை எழுதுவதில்லை.

திருத்தியது:
கா. சந்தானம்
22-8-1999